மத்தியைத் தின்ன வருவது அந்தத் திமிங்கிலம் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம் தென்னாப்பிரிக்கக் கிழக்குக் கரையோரமாக மத்தி மீன்கள் பெருங்கூட்டமாக நகரும் மத்தி மீன் ஓட்டம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை நன்றாகவே இருந்தது. ஆனால் கூடவே துள்ளி எழும் ஹம்ப்பேக் திமிங்கிலத்தின் படத்தைப் போட்டு, ‘மத்தியை வேட்டையாட டர்பன் வரும் திமிங்கிலம்’ என்று எழுதிவிட்டீர்கள். அங்கேதான் இடிக்கிறது.

ஜூன், ஜூலையில் டர்பனை அடுத்த உம்ஷ்லாங்கா கடற்கரையில் நின்றபடியே நாம் பார்க்கும் ஹம்ப்பேக்குகள் அண்டார்டிக் கடலில் கிரில் என்னும் இறால் போன்ற சிற்றுயிரை வயிறு முட்டத் தின்றுவிட்டு, மொசாம்பிக் பக்கத்து வெதுவெதுப்பான நீருக்குக் குட்டி போடவும் இணை சேரவும் போகிறவை. போகிற வழியில் பெரும்பாலும் பட்டினிதான். மத்தி ஓடும் அதே மாதங்களில் அவையும் வருவதால் எல்லாரும் முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள்.

உண்மையில் மத்தியைத் தின்பது ப்ரூடா திமிங்கிலம். வேட்டையைத் தொடங்கி வைப்பவை டால்பின்கள். மத்திக் கூட்டத்திலிருந்து ஒரு பகுதியைப் பிரித்து, கீழிருந்தும் பக்கவாட்டிலும் நெருக்கி, மேற்பரப்புக்குத் தள்ளும். பயந்த மத்திகள் ஒன்றோடொன்று ஒட்டி உருண்டையாகிவிடும். மேலேயிருந்து கேனட் என்னும் கடற்பறவைகள் சரமாரியாக விழும். சுறாக்களும் உள்ளே புகும். அந்த உருண்டை பத்து நிமிடம் தாங்கினால் அதிகம். அதற்குள் ப்ரூடா அடியிலிருந்து வாயைப் பிளந்துகொண்டு பாயும். தாடையிலிருந்து வயிறு வரை ஓடும் மடிப்புகள் விரிந்து, தொண்டைப் பை நீரும் மீனுமாக உப்பிவிடும். அப்புறம் வாயை மூடி நீரை வெளியே தள்ளும். மேல்தாடையில் பல்லுக்குப் பதிலாகச் சீப்புப் பற்கள் மாதிரி தொங்கும் தகடுகளில் மீன் தங்கிவிடும். அதை அப்படியே விழுங்க வேண்டியதுதான்.

விழுங்கும் குழல் மட்டும் சின்னது. 2019-இல் போர்ட் எலிசபெத் அருகே மத்திக் கூட்டத்தைப் படமெடுத்துக்கொண்டிருந்தவர் ஒருவர் ப்ரூடாவின் வாய்க்குள் சிக்கினார். சில நொடிகளில் அதுவே அவரை வெளியே விட்டுவிட்டது. (அவர் திரும்பவும் தண்ணீரில் இறங்கினார். அந்தத் துணிச்சல் எனக்கு வராது.)

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், ஹம்ப்பேக் இருக்கும் இடத்தில் மீன் இருக்கும் என்று நம்பிப் படகில் அதைத் துரத்துகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அனுமதி இல்லாமல் எந்தத் திமிங்கிலத்தையும் 300 மீட்டருக்குள் நெருங்குவது இந்த நாட்டில் குற்றம். கரைவலை இழுக்கும் பழைய குடும்பத்துப் பெரியவர்களைக் கேளுங்கள்: மீன் எங்கே என்று அறிய அவர்கள் பார்ப்பது திமிங்கிலத்தை அல்ல, மேலிருந்து பாயும் பறவையை.

இனிமேல் படம் போடும்போது தலையைப் பார்த்துப் போடச் சொல்லுங்கள். ப்ரூடாவின் தலைமேல் மூன்று நீளக் கோடுகள் மேடாக ஓடும். ஹம்ப்பேக்கின் தலையில் முண்டு முண்டாக இருக்கும்; பக்கத்துடுப்பும் உடம்பில் மூன்றில் ஒரு பங்கு நீளம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்