2030-க்கு வருகிறேன் என்றீர்களே, மாமா

மாமா,

நாளை உங்கள் திதி. வாழைக்காய், பூசணி எல்லாம் வாங்கியாயிற்று. அதற்காக இதை எழுதவில்லை. பாப்பா மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியில் சேரப் போகிறாள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். ஊருக்குத் தெரியும் முன் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

லேசில் சம்மதித்துவிடவில்லை. பெண் பிள்ளைக்குக் காட்டு வேலை எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. யார் என்று இங்கே எழுத மாட்டேன். நான் மறுத்தது அதற்காக அல்ல. சனிக்கிழமை விடியுமுன் நீங்கள் வண்டியை எடுத்தால், கொடைக்கானல் மலையில் பூம்பாறை தாண்டியதும் போன் கிடைக்காது. ஞாயிறு இரவு வாசலில் பைக் சத்தம் கேட்கும்வரை எனக்கு அன்னம் தண்ணீர் இறங்காது. நீங்களோ சேறு அப்பிய ஷூவைக் கழற்றிக்கொண்டே, "இன்றைக்கு என்ன குழம்பு?" என்பீர்கள். அதையெல்லாம் மறுபடி என் மகளுக்காகவும் படவேண்டுமா என்று நினைத்தேன். பெற்றவள் நினைக்கக் கூடாதா?

என்னை மாற்றியது 2018 செப்டம்பர்தான். நான் உங்களோடு மேலே வந்த அந்த ஒரு தடவை. 2006-ல் குறிஞ்சி பூத்தபோது நான் புதுப்பெண்டாட்டி. நீங்கள் நண்பர்களோடு போய்விட்டீர்கள். அந்தக் கோபத்தோடுதான் பன்னிரண்டு வருஷம் கழித்து வந்தேன். மலைப்பாதை வளைவுகளில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்து, இறங்கியதும் குளிரில் நடுங்கி நின்றேன். நீங்கள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாப்பாவைத் தோளைப் பிடித்து ஒரு செடியின் முன் உட்கார வைத்தீர்கள். சரிவு முழுக்கப் பூத்துக் கிடக்கும்போது, "அதையெல்லாம் பார்க்காதே, இந்த ஒரு பூவை மட்டும் பார்" என்றீர்கள். ஒரு தேனீ அதற்குள் தலையைக் கொடுத்து நுழைந்தது. பின்பாதி மட்டும் வெளியே தெரிந்தது. அது புரண்டு வெளியே வந்தபோது முதுகெல்லாம் மகரந்தம். பாப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

"இந்தச் செடி உன்னைவிடக் கொஞ்சம் மூத்தது. இத்தனை வருஷம் இலையாகவே நின்றது. இப்போது பூத்துவிட்டது, விதை விட்டதும் காய்ந்துபோகும்" என்றீர்கள். அவள் அழுதுவிட்டாள். விதை விழும், மழைக்கு முளைக்கும், 2030-ல் அது பூக்கும் என்று நீங்கள் சமாதானம் சொன்னீர்கள். "அப்போது நீ பெரிய மனுஷி. எனக்கு முட்டி வலிக்கும். நீதான் கையைப் பிடித்துக் கூட்டி வரவேண்டும்." பிறகு சரிவின் கீழே வரிசையாக நின்ற வாட்டில் மரங்களைக் காட்டினீர்கள். தோல் பதனிடப் பட்டை வேண்டும் என்று நட்டது, இப்போது தானாகவே பரவிப் புல்வெளியைத் தின்கிறது, புல் போனால் குறிஞ்சியும் போகும், வரையாட்டுக்கு மேய்ச்சலும் போகும், ஓடையும் வற்றும் என்றீர்கள். கைக்கு எட்டிய நாற்றுகளை இரண்டு பேரும் வேரோடு பிடுங்கினீர்கள். அவள் உள்ளங்கை சிவந்துபோய், அதை என்னிடம் பெருமையாகக் காட்டினாள்.

கல்லூரி வேண்டாம் என்று நான் கத்திய அன்று அவள் சொன்னது ஒன்றுதான்: "அம்மா, அப்பா பிடுங்கச் சொன்னது இன்னும் மிச்சம் இருக்கிறது." அதற்குமேல் நான் என்ன பேச?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கூடாரத்தையும் பெரிய பையையும் உங்களோடு வருவாரே, அந்தத் தம்பியிடம் கொடுத்துவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள். மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை, பரணில் கிடந்து பூஞ்சை பிடித்தது, மழைக்காலமெல்லாம் அந்த வாசனையோடு படுத்து எழுந்தவள் நான். பைனாகுலர் பாப்பாவுக்கு. நோட்டுகளை யாருக்கும் தரமாட்டேன். மழையில் மை கரையும் என்று பென்சிலால் எழுதிய எழுத்து, தொட்டால் விரலில் ஒட்டுகிறது. பக்கங்களுக்கு நடுவே பட்டர் பேப்பர் வைத்திருக்கிறேன்.

அதில் கடைசிப் பக்கத்தைப் படித்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. காட்டுமாடு காதை அசைத்த விதத்தை வைத்தே அது விலகுமா பாயுமா என்று சொல்வீர்கள். உங்கள் நெஞ்சு சொன்னது மட்டும் காதில் விழவில்லை. முந்தின நாளே இடது கை கனக்கிறது என்றீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். "மலையேறுகிறவனுக்கு ஒன்றும் வராது, வாயுதான்" என்று சீரகத் தண்ணீர் கேட்டீர்கள். போட்டுக் கொடுத்தேன். எந்தக் காட்டை நினைத்துப் பயந்தேனோ அது உங்களை ஒன்றும் செய்யவில்லை. நம் வீட்டுக் கூடத்தில், மின்விசிறிக்குக் கீழே போனீர்கள். பாப்பா நம்மோடு இருந்தாள் என்பதை நினைத்துப் பார்த்தீர்களா?

சரி, நாளும் அதுவுமாகச் சண்டை வேண்டாம்.

மதினிக்குக் கல்லூரி விஷயம் இன்னும் தெரியாது. நாளை இலை போட்டு எல்லோரும் சாப்பிட்ட பிறகு நானே சொல்வேன். சத்தம் வரும். இப்படிச் சத்தம் வந்தபோதெல்லாம் நீங்கள் பையை மாட்டிக்கொண்டு மலைக்குக் கிளம்பிவிடுவீர்கள். அத்தைக்கும் மதினிக்கும் பதில் சொன்னது நான்தான். நாளையும் நான்தான் சொல்வேன். பாப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சொல்வேன்.