பராமரிப்புக் காசைக் கொடுக்க முன், வீட்டுக்கு வந்து அளவுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

போருக்குப் பிறகு வன்னியில் எழும்பிய இந்திய வீட்டுத்திட்ட வீடுகளில் பெரும்பாலானவை பயனாளியின் கையிலேயே காசைக் கொடுத்துக் கட்டவிட்டவை. 550,000 ரூபா தவணை தவணையாக வங்கிக் கணக்குக்கு வந்தது. மேசனைப் பிடித்ததும் மணலும் கல்லும் ஏற்றியதும் வீட்டுக்காரர்தான். அடுத்த தவணை வருமுன் உத்தியோகத்தர் வளவுக்கு வந்து, வேலை எதுவரை முடிந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போனார். வீட்டில் வைத்து ஆட்களைப் பராமரிப்பதற்கும் இதே முறை வரவேண்டும். முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்களும் பாயோடு கிடக்கும் முதியவர்களும் தங்களுக்கு உதவுகிற ஆளைத் தாங்களே தெரிவுசெய்து, அரசு தரும் காசில் சம்பளம் கொடுக்கக்கூடியதாக இருக்கவேண்டும். அத்திவாரத்தை நாடா பிடித்து அளக்கலாம். ஒரு மனிதனின் தேவையை எதைக்கொண்டு அளப்பது என்பதை முதலில் தீர்க்காவிட்டால், எவ்வளவு காசு ஒதுக்கினாலும் அது போய்ச் சேரவேண்டிய வீட்டுக்குப் போகாது.

இப்போது மாற்றுத்திறனாளிகளுக்கான மாதக் கொடுப்பனவு எல்லாருக்கும் ஒரே தொகை. 2024இல் 7,500 ரூபா, 2025இல் 10,000 ரூபா. உயர்த்தியது நல்ல காரியம். ஆனால் ஒரு கையில் இரண்டு விரல் இழந்து தோட்டம் செய்பவருக்கும், கழுத்துக்குக் கீழே அசைவில்லாதவருக்கும் தேவை ஒன்றல்ல. மருத்துவச் சான்றிதழ் நோயின் பெயரைச் சொல்லும், குடும்ப வருமானப் பத்திரம் வறுமையைச் சொல்லும். இரவு இரண்டு மணிக்கு அவரை யார் புரட்டிவிடுகிறார் என்பதை இரண்டும் சொல்லா.

அந்த இரவிலிருந்துதான் மதிப்பீடு தொடங்கவேண்டும். உணர்ச்சியற்ற உடம்பை ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிக் கிடத்தாவிட்டால் இடுப்பெலும்பிலும் குதிக்காலிலும் படுக்கைப்புண் வரும். இரவு பத்து மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழும்பினால் இடையில் மூன்று தடவை. அதைச் செய்வது அநேகமாக மனைவி, இல்லாவிட்டால் வயதான தாய். பகலில் அவரே கிணற்றில் தண்ணீர் அள்ளி, சமைத்து, பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பி, கூலி வேலைக்கும் போகிறார். 'வீட்டில் பார்க்க ஆள் இருக்கிறது' என்று எழுதித் தேவையை அடித்துவிடுவதுதான் மதிப்பீடுகளில் நடக்கிற மிகப்பெரிய பிழை. அந்த ஆளுக்கு எத்தனை வயது, நாரி நோகிறதா, எத்தனை மணித்தியாலம் தொடர்ந்து நித்திரை கொள்கிறார், அவருக்குக் காய்ச்சல் வந்தால் மாற்று ஆள் யார் என்ற நாலு கேள்விக்கும் படிவத்தில் தனித்தனி இடம் வேண்டும்.

அடுத்தது மலசலகூடம். 'தானாகப் போவாரா? ஆம், இல்லை' என்று கேட்டால் பலர் ஆம் என்பார்கள். அது உண்மையும்தான். ஆனால் பல வளவுகளில் மலசலகூடம் வீட்டுக்குப் பின்னால் தனியே நிற்கிறது. வீட்டுப்படி ஒன்றரை அடி உயரம் என்றால், ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கில் சாய்தளம் பதினெட்டு அடி வேண்டும். ஆறு அடியில் செங்குத்தாகப் போட்டுவிட்டுச் சாய்தளம் உண்டு என்று எழுதுகிறார்கள். அதில் பின்னால் ஒருவர் பிடிக்காமல் இறங்கமுடியாது. சக்கர நாற்காலி ஏறக்குறைய இரண்டேகால் அடி அகலம். கதவு இரண்டரை அடி என்றாலும் நிலையும் கதவுப் பலகையும் எடுக்கும் இடம் போனால், கை உரசாமல் உள்ளே போகமுடியாது. மாரியில் களிமண்ணில் சில்லு புதையும். ஆகவே கோடையில் தானாகப் போகிறவர் மார்கழியில் போகமாட்டார். உத்தியோகத்தர் வாசலில் கதிரை போட்டிருந்து கேட்காமல், அந்தப் பாதையில் அவருடன் கூடவே போய்வரவேண்டும். எவ்வளவு நேரம் எடுக்கிறது, எந்த இடத்தில் கை கொடுக்கவேண்டியிருக்கிறது, முடித்து வந்தபின் எவ்வளவு களைத்துப்போகிறார் என்று எழுதவேண்டும்.

நாற்காலியில் போட்டிருக்கும் மெத்தையையும் கையால் தொட்டுப் பார்க்கவேண்டும். காற்று மெத்தை என்றால், அவர் இருக்கும்போதே உட்காரும் எலும்புக்கும் மெத்தையின் அடித்தளத்துக்கும் இடையே கையை விட்டால் ஓர் அங்குலமளவு இடைவெளி தெரியவேண்டும். எலும்பு அடியில் முட்டினால் அந்த மெத்தை இருந்தும் இல்லாததுதான். பஞ்சு மெத்தை நாளடைவில் நசிந்து பலகையாகிவிடும். இதைக் கவனியாமல் விட்டு ஒரு புண் வந்தால், அவர் கிழமைக்கணக்கில் குப்புறக் கிடக்க நேரும். கடையோ தையலோ கோழி வளர்ப்போ, செய்துவந்த தொழில் நின்றுவிடும்.

சிறுநீர்க் குழாய்ச் செலவு ஆளுக்கு ஆள் மாறும். நிரந்தரமாகப் போட்டிருக்கும் சாதாரண இறப்பர்க் குழாயை ஏறக்குறைய நாலு கிழமைக்கு ஒருமுறை மாற்றவேண்டும், முழுச் சிலிக்கோன் குழாய் என்றால் பன்னிரண்டு கிழமைவரை போகும். ஒவ்வொரு முறையும் குழாய் விட்டு எடுப்பவருக்கு நாளைக்கு நாலு முதல் ஆறு தடவை. ஒருவருக்கு மாதம் ஒன்று, இன்னொருவருக்கு நூற்றுக்கு மேல். இதை உதவியாளர் சம்பளத்தோடு ஒரே தொகையாகக் கட்டினால் குழாயைக் கழுவிக் கழுவிப் பாவித்துச் சம்பளம் கொடுப்பார்கள், முடிவு சிறுநீர்த் தொற்று. பொருட்செலவு தனிக் கணக்காக இருக்கட்டும். நெஞ்சின் மேற்பகுதியிலோ கழுத்திலோ பாதிப்பு உள்ளவருக்குக் குழாய் அடைபட்டால் இரத்த அழுத்தம் சடுதியாக ஏறும், தலை பிளக்கிறமாதிரி இடிக்கும், முகம் வியர்க்கும். உடனே நிமிர்த்தி இருத்தி அடைப்பை எடுக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. உட்கிராமத்திலிருந்து இரவில் ஓட்டோ பிடித்துக் கிளிநொச்சிக்கோ மாங்குளத்துக்கோ போகும்வரை காத்திருக்க முடியாது. இவற்றைத் தெரிந்த ஆள் கூப்பிடு தூரத்தில் உண்டா என்பதும் மதிப்பீட்டில் சேரவேண்டும்.

நிமிடக் கணக்கு மட்டும் போதாது என்பதற்கு ஜேர்மனி நல்ல உதாரணம். நம்மவர்களின் உறவினர் பலர் அங்கே இருக்கிறார்கள், அவர்களைக் கேட்டாலும் சொல்வார்கள். 1995இல் தொடங்கிய பராமரிப்புக் காப்புறுதியில், வீட்டார் பார்த்துக்கொண்டால் காசாகவே வாங்கலாம். குளிப்பாட்ட இத்தனை நிமிடம், உடுப்பு மாற்ற இத்தனை நிமிடம் என்று நெடுங்காலம் எண்ணினார்கள். மறதி நோயாளி கை கால் நன்றாக இயங்குவதால் அந்தக் கணக்கில் பின்தள்ளப்பட்டார், அவரை நாள் முழுக்கக் கண்காணிக்கவேண்டும் என்பது நிமிடத்தில் வரவில்லை. 2017 முதல் ஆறு துறைகளில் ஒருவர் எவ்வளவு தூரம் பிறர் துணையின்றி இயங்குகிறார் என்று புள்ளியிட்டு, ஐந்து தரங்களாகப் பிரிக்கிறார்கள். அந்தப் பிழையைச் செய்து பார்த்துத்தான் நாமும் படிக்கவேண்டும் என்றில்லை.

கேட்கிற விதமும் முக்கியம். பொதுநோக்கு மண்டபத்தில் அயலவர் முன்னால் வைத்து மலம் சிறுநீர் பற்றிக் கேட்டால், 'சமாளிக்கிறம்' என்றுதான் பதில் வரும். நம்மவர்களுக்கு மானம் பெரிது. பாதிக்கப்பட்டவரிடம் தனியாகவும் பராமரிப்பவரிடம் தனியாகவும் கேட்கவேண்டும். வருவதற்கு முன் ஒரு கொப்பி கொடுத்து, ஏழு நாளுக்கு இரவும் பகலும் யார் என்ன உதவி செய்தார், எத்தனை மணிக்கு என்று எழுதச் சொல்லலாம். எழுதத் தெரியாத வீட்டில் பிள்ளை எழுதும். சமூக சேவை உத்தியோகத்தருடன், முள்ளந்தண்டு பாதிப்போடு வாழும் ஒருவரும் கூட வந்தால், வேறெவர் கண்ணிலும் படாதது அவர் கண்ணில் படும்.

காசு கொடுக்கும் விதத்தில் ஒன்று மட்டும் சொல்லவேண்டும். முதலில் செலவழித்துவிட்டுப் பற்றுச்சீட்டைக் கொண்டுவா என்றால் வன்னியில் இது நடக்காது. கையில் காசில்லாதவர்களுக்குத்தான் இந்தத் திட்டம். உதவிக்கு வரும் பக்கத்து வளவுப் பெண் பற்றுச்சீட்டு எழுதித் தரவும் மாட்டார். மாதத் தொடக்கத்தில் முற்பணம், உதவியாளர் நாளாந்தம் கையெழுத்திடும் ஒரு தாள், இவை போதும். கொடுப்பனவு இரண்டு மாதம் பிந்தினால் அந்தப் பெண் ஆடைத் தொழிற்சாலைக்குப் போய்விடுவார், பழகிய இன்னொரு கையைத் தேடிப்பிடிப்பது லேசல்ல.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுமதிப்பீடு, புண் வந்தாலோ பராமரிப்பவர் நோயில் விழுந்தாலோ இரண்டு கிழமைக்குள் அவசர மதிப்பீடு. இந்த இரண்டையும் சுற்றறிக்கையிலேயே எழுதி, முதற்கட்டமாக இரண்டு பிரதேச செயலகப் பிரிவுகளில் தொடங்கலாம். ஒன்று ஏ9 வீதியை அண்டியதாகவும், மற்றது துணுக்காய் போலப் போக்குவரத்துக் குறைந்ததாகவும் இருக்கட்டும்.

வாசகர்,
கிளிநொச்சி