லூபஸுக்கு உமிழ்நீர்க் குப்பி எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உமிழ்நீரைக் கொடுத்து மரபணுச் சோதனை செய்தால், நோயெதிர்ப்பு ஆற்றல் சொந்த உடலையே தாக்கும் லூபஸ் நோய் வருமா என்று முன்பே தெரிந்துவிடும் என உங்கள் மருத்துவப் பக்கம் சொல்கிறது. மரபணுவுக்குப் பங்கு உண்டு என்ற வரை சரி. சோதனையைப் பற்றிய பகுதிதான் பிசகு.

2022இல் நோயெதிர்ப்பியல் ஆய்வாளர் கரோலா வினுயேசா குழுவினர் 'நேச்சர்' இதழில், ஏழு வயதிலேயே லூபஸ் வந்த ஸ்பெயின் சிறுமியின் டிஎல்ஆர்7 என்ற ஏற்பியில் (சைகையை உணரும் புரதம்) 264ஆம் இடத்தில் டைரோசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் ஹிஸ்டிடின் இருந்ததைக் காட்டினார்கள். வைரஸ் ஆர்என்ஏவைக் கண்டு எச்சரிக்க வேண்டிய அந்த ஏற்பி, உடலிலேயே உள்ள குவானோசின் என்ற மூலக்கூறுக்கும் கிளர்ந்தெழுந்தது. அதே மாற்றத்தைப் புகுத்திய எலிகளுக்கும் லூபஸ் வந்தது. இப்படி ஒரே மரபணுவால் நோய் வருவது மிக அபூர்வம்.

பெரும்பாலோருக்குப் பல மரபணுக்கள் சிறிது சிறிதாக ஆபத்தைக் கூட்டுகின்றன. அவற்றில் எஃப்சிஜிஆர்2பி முக்கியமானது. எதிர்ப்பொருள்களைத் தயாரிக்கும் பி செல்களுக்குக் கடிவாளம் போடும் ஏற்பியை உருவாக்குவது அது. அந்த ஏற்பியின் 232ஆம் இடத்தில் ஐசோலூசின் என்ற அமினோ அமிலம் போய் திரியோனின் வந்தால் செல் சவ்வில் சரியான இடத்தில் ஏற்பி பொருந்தாது, கடிவாளம் தளர்கிறது. ஆப்பிரிக்காவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் இந்த வடிவம் அதிகம். கென்யக் குழந்தைகளைக் கடும் மலேரியாவிலிருந்து இது காப்பதாக 2010இல் ஓர் ஆய்வு வந்தது. அப்படியென்றால் இதை வெறும் 'கெட்ட மரபணு' என்று எப்படிச் சொல்வது?

சோதனை தடுமாறுவதும் இங்கேதான். பக்கத்திலேயே இருக்கும் எஃப்சிஜிஆர்2சி மரபணு, பெரும்பகுதி இதன் நகல். குறிப்பிட்ட இடங்களை மட்டும் பார்க்கும் மலிவான சிப் சோதனையும், டிஎன்ஏவைச் சிறு துண்டுகளாகப் படிக்கும் முறையும் ஒன்றின் எழுத்தை மற்றொன்றின் கணக்கில் எழுதிவிடும். அந்த மரபணுவை மட்டும் தனியே பெருக்கி எடுத்துப் படித்தால்தான் முடிவை நம்பலாம். சரியாகவே படித்தாலும், அந்த மாற்றம் உள்ளவர்களில் மிகப் பலருக்கு லூபஸ் வருவதில்லை.

மரபணுச் சோதனை யாருக்குத் தேவை? சிறு வயதிலேயே கடுமையாக நோய் வந்த குழந்தைக்கு. பெற்றோர் நெருங்கிய உறவினராக இருந்தாலோ உடன்பிறந்தவருக்கும் நோய் இருந்தாலோ இன்னும் அவசியம். நோயெதிர்ப்புக்கு உதவும் சி1க்யூ என்ற இரத்தப் புரதத்தின் குறைபாடு இரு பெற்றோரிடமிருந்தும் வருவது. அது உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு லூபஸ் வரும். அத்தை மகன், மாமன் மகள் திருமணம் வழக்கத்தில் உள்ள நம் ஊரில் இதை மருத்துவர்கள் மறக்கக் கூடாது.

மற்றவர்கள் அந்தக் காசை ஏஎன்ஏ, டிஎஸ்டிஎன்ஏ (உடலையே தாக்கும் எதிர்ப்பொருள்களைத் தேடும் இரத்தச் சோதனைகள்), சி3, சி4 (நோயெதிர்ப்புப் புரதங்களின் அளவு), சிறுநீரகப் பாதிப்பைக் காட்டும் சிறுநீர்ப் புரதம்-கிரியாட்டினின் விகிதம் ஆகியவற்றுக்குச் செலவிடலாம். அதுவும் அறிகுறி இருந்தால் மட்டும். ஏஎன்ஏ 1:80 அளவில் (80 மடங்கு நீர்க்கச் செய்த இரத்த மாதிரியில்) ஆரோக்கியமானவர்களிலேயே பத்தில் ஒருவருக்கு மேல் பாசிட்டிவாக வரும். சிறுநீர் விகிதம் கிராமுக்கு 500 மில்லிகிராமைத் தாண்டினால் சிறுநீரக மருத்துவரிடம் தாமதிக்காமல் செல்ல வேண்டும்.

லூபஸுக்கு ஏற்கெனவே ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை சாப்பிடுபவர்கள் மரபணு அறிக்கையைப் பார்த்து அதை நிறுத்திவிட வேண்டாம். டிஎல்ஆர்7 எழுப்பும் சைகையைத் தணிக்கும் மருந்துதான் அது. நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராமை மீறாமல், அது விழித்திரையைப் பாதிக்கலாம் என்பதால் தொடக்கத்தில் ஒருமுறையும் ஐந்து ஆண்டுக்குப் பின் ஆண்டுதோறும் விழித்திரைப் பரிசோதனை செய்துகொண்டால் போதும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அந்தப் பரிசோதனையை முன்னதாகவே தொடங்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நோயெதிர்ப்பியல் பேராசிரியர்,
திருச்சி