மலாவிக்குப் புறப்படும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

இயேசுவின் இனிய நாமத்தில் அம்மா எழுதுவது. அப்பா நலம். மாப்பிள்ளையையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

நேற்று போனில் பெட்டிக் கணக்கு பேசியே நேரம் போய்விட்டது. துவரம்பருப்பு, மிளகாய்த்தூள், குக்கர் வாஷர் என்று நீ அடுக்கிக்கொண்டே போனாய். பருப்பையும் மசாலாவையும் குறைத்துக்கொள். அங்கே பிளான்டயர், லிம்பே ஊர்களில் குஜராத்திக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்திருக்கிறார்கள். நீங்கள் இருக்கப்போகிற முலாஞ்சேயிலிருந்து 60, 70 கிலோமீட்டர்தான். வாஷர் கொண்டு போ. மிச்ச எடைக்குப் பிள்ளைகளின் புத்தகங்களை வை.

நான் சொல்ல நினைத்தது வேறு. நீ நர்ஸ், மாப்பிள்ளை விவசாயம் படித்தவர். கொடுப்பதற்கு உங்கள் கையில் நிறைய இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், முதல் வருடம் அந்த ஜனங்களிடமிருந்து வாங்கிக்கொள்ளப் பழகு.

ஜார்க்கண்டில் ராஜ்மஹால் மலையில் நாங்கள் பணித்தளத்துக்குப் போனபோது எங்களிடம் ஒரு மருந்துப் பெட்டி இருந்தது. அங்கே பஹாரியா ஜனங்கள் பேசுகிற மல்தோ மொழி நம் தமிழோடு ஒரே குடும்பம் என்று பயிற்சியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். போய்ப் பார்த்தால் ஒரு வாக்கியம் பிடிபடவில்லை. அந்த ஜனங்கள் வருவார்கள், மாத்திரை வாங்குவார்கள், போய்விடுவார்கள். ஒருவரும் வாசலில் உட்கார மாட்டார்கள். அப்புறம் எனக்கு மலேரியா வந்தது. அப்பா சாமான் வாங்க பாக்கூர் போயிருந்தார். நீ கைக்குழந்தை. பக்கத்துக் குடிசைக்காரி உள்ளே வந்து என்னைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் உன்னைத் தூக்கித் தன் முதுகில் துணியால் கட்டிக்கொண்டு மக்காச்சோளக் காட்டுக்குப் போய்விட்டாள். சாயங்காலம் நீ அழாமல் திரும்பி வந்தாய். அலுமினியக் கிண்ணத்தில் சோளக் கஞ்சி கொண்டுவந்து, ஊதி ஊதி எனக்குக் கொடுத்தாள். எழுந்து உட்கார முடிந்த அன்றைக்கு என் தலையை மடியில் வைத்துப் பேன் பார்த்தாள். பார்த்துக்கொண்டே, "உனக்கு அம்மா இல்லையா, ஏன் இவ்வளவு தூரம் வந்தாய்?" என்று கேட்டாள். அந்த ஊரில் ஒருவர் என்னிடம் கேட்ட முதல் சொந்தக் கேள்வி அதுதான். அதற்குப் பிறகுதான் எங்கள் வாசலில் ஆட்கள் உட்கார ஆரம்பித்தார்கள்.

நம் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியாவைப் பற்றி ஞாயிறு பள்ளியில் படித்திருப்பாய். 1903-ல் நம் திருநெல்வேலி ஜனங்களின் காணிக்கையிலேயே மிஷனெரி சங்கம் தொடங்கியவர்களில் ஒருவர், 1912-ல் தோர்ணக்கல் பிஷப் ஆனவர் என்பது எல்லாருக்கும் தெரியும். எனக்கு அதைவிடப் பெரியது 1910-ல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில் அவர் பேசியது. அப்போது அவருக்கு 35 வயது. உலகத்தின் பெரிய பெரிய மிஷனெரிகள் உட்கார்ந்திருந்த சபையில், அவர்கள் தியாகத்துக்கெல்லாம் நன்றி சொல்லிவிட்டு, "எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள்" என்று கேட்டார். அன்றைக்கு நாம் கேட்கிற பக்கம் இருந்தோம். இப்போது நீ கேட்கப்படுகிற பக்கம் போகிறாய். அங்கே ஒரு நர்ஸோ ஒரு கிளார்க்கோ உன்னைப் பார்த்து மனதுக்குள் அதையே கேட்டுக்கொண்டிருப்பார். இதை ஜெபத்தில் வைத்துக்கொள்.

இன்னொன்று. சுவிசேஷம் உன்னோடுதான் அந்த ஊருக்குப் போய்ச் சேரப்போவதாக நம் சபையில் சிலர் பேசுகிறார்கள். மலாவியில் முக்கால்வாசிக்கு மேல் கிறிஸ்தவர்கள். ஸ்காட்லாந்து மிஷன்கள் அங்கே போனது 1875, 76-ல். பிளான்டயர் புனித மிகாவேல் ஆலயத்தை 1888-ல் தொடங்கி 1891-ல் கட்டி முடித்தவர்கள், அதற்கு முன் அப்படி ஒரு கட்டடம் கட்டியே பழகாத உள்ளூர் ஆட்கள். அதே தெற்குப் பகுதியில்தான் ஜான் சிலெம்ப்வே என்ற போதகர் இருந்தார். வெள்ளைக்காரத் தோட்டத்தில் ஜனங்கள் கட்டிய ஜெபவீடுகளைத் தோட்டத்துக்காரர்கள் கொளுத்தினார்கள். 1915-ல் அவர் வெள்ளைக்கார ஆட்சிக்கு எதிராக எழும்பினார், அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். இன்றைக்கும் அந்த நாட்டு குவாச்சா நோட்டில் அவர் முகம் இருக்கிறது, ஜனவரி 15 அவர் பெயரில் விடுமுறை. அந்த நோட்டை முதல்முறை கையில் வாங்கும்போது பிள்ளைகளுக்கு அவரைக் காட்டு. வெளியிலிருந்து வந்த கிறிஸ்தவர்களால் வாழ்ந்தவர்களும் காயப்பட்டவர்களும் அங்கே பக்கத்துப் பக்கத்து வீடுகளில் இருக்கிறார்கள். ஆலயத்தில் அவர்கள் போதகரின் பிரசங்கத்தைப் பின்வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள். மாப்பிள்ளையிடம் பேசச் சொன்னால் சுருக்கமாக முடிக்கச் சொல்.

சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் போ. ந்சிமா என்று வெள்ளைச் சோளமாவில் நம் களி மாதிரிக் கிளறுவார்கள். தொட்டுக்கொள்ளப் பூசணிக் கீரை, சில வீடுகளில் பொடிமீன் கருவாடு. சாப்பிடும் முன் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து உன் கையில் ஊற்றுவார்கள். கையை நீட்டு, "நானே கழுவிக்கொள்கிறேன்" என்று எழுந்து போகாதே. ஜனவரி முதல் மார்ச் வரை அங்கே பஞ்ச மாதங்கள், பழைய சோளம் தீர்ந்து புதியது இன்னும் அறுப்புக்கு வந்திருக்காது. அந்த மாதங்களிலும் உனக்கு ஒரு தட்டு வைப்பார்கள். மறுத்தால் அவர்கள் மனம் புண்படும். கொஞ்சமாக வாங்கிச் சாப்பிடு, அப்புறம் வேறொரு நாளில், வேறொரு காரணம் வைத்து, அவர்கள் வீட்டுக்கு மாவு போய்ச் சேரட்டும்.

சிச்சேவா மொழியை ஆஸ்பத்திரியில் மட்டும் படிக்காதே. அங்கே எல்லாரும் நோயாளிகள், நீ சொல்வதற்கு "ஆமாம்" என்பார்கள். தண்ணீர்க் குழாயடியில் படி. அங்கே உன்னைத் திருத்துவார்கள், சிரிப்பார்கள், அதுதான் வேண்டும்.

ஜெபக் கடிதம் மாதாமாதம் அனுப்பச் சொல்வார்கள். எழுது. ஆனால் நோயாளிப் பிள்ளைகளைப் படம் பிடித்துப் போடாதே. காணிக்கை கூடுதலாக வரும் என்று யார் சொன்னாலும் கேட்காதே. அந்தப் பிள்ளையின் தாய் கையிலும் நாளை போன் இருக்கும்.

பிள்ளைகளைப் படிப்புக்காக ஊரில் விட்டுப் போகச் சொல்கிறார்களாம். வேண்டாம். நீ ஹாஸ்டலில் படித்தாய். மலையில் பள்ளிக்கூடம் இல்லை, கருங்காய்ச்சல் இருந்தது, எங்களுக்கு வேறு வழி இல்லை. உனக்கு இருக்கிறது. பாடம் கொஞ்சம் பின்தங்கினாலும் பிடித்துக்கொள்ளலாம். ராத்திரி அவர்கள் உன் பக்கத்தில் படுக்கட்டும்.

மலேரியாவை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. வலை ஒரு ராத்திரியும் தவறக்கூடாது. காய்ச்சல் என்றால் அன்றைக்கே ரத்தம் பார்த்துவிடு, பல் முளைக்கிற காய்ச்சல் என்று சின்னவளை விட்டு வைக்காதே. அப்புறம் அடிஸ் அபாபா வழியாகத்தானே போகிறீர்கள், அங்கே தங்கல் நீண்டால் மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சீட்டு கேட்பார்கள். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். பயணத்துக்குப் பத்து நாளாவது முன்பே போட்டிருக்க வேண்டும். நாலு பேர் பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு அடுத்த வாரமே போய்விட்டு வாருங்கள். எந்த நாள் என்று சொல், அப்பா சென்னைக்கு வந்து பிள்ளைகளைப் பிடித்துக்கொள்வார்.

கர்த்தர் உங்களோடு இருப்பார்.

அன்புடன்,
அம்மா