செயலாளர் அறிக்கை, 2024–25

பேரவைத் தலைவர் அவர்களுக்கும், பணி நிறைவு பெற்ற பேராசிரியப் பெருமக்களுக்கும், ஓய்வு பெற்றும் ஆய்வகத்தை விட முடியாத லேப் உதவியாளர் அண்ணன்களுக்கும், இளநிலை வேதியியல் படிக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

வேலூர் மாவட்டம் 2019-இல் மூன்றாகப் பிரிந்தது. நம் வேதியியல் சங்கம் பிரியவில்லை. ராணிப்பேட்டைக்காரர்களும் திருப்பத்தூர்க்காரர்களும் சந்தா ரசீதில் இன்னும் பழைய மாவட்டப் பெயரான ‘வட ஆற்காடு’ என்றே எழுதச் சொல்கிறார்கள். பொருளாளரும் மறுக்காமல் எழுதிக் கொடுக்கிறார். வரவு செலவை அவரே தனியாக வாசிப்பார் என்பதால் அதற்குள் நான் போகவில்லை.

சென்ற பேரவையில் நடந்த வாக்குவாதம் பலருக்கு நினைவிருக்கும். மாதம் ஒரு சொற்பொழிவு என்று நடத்தி வந்ததை நிறுத்திவிட்டு, சனிக்கிழமை பிற்பகல்களில் ஆய்வக வகுப்பு வைக்கலாம் என்று இளையவர்கள் கேட்டார்கள். “தியரி தெரியாமல் பியூரெட்டைப் பிடித்து என்ன செய்யப் போகிறார்கள்?” என்றார்கள் மூத்தவர்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. கடைசியில் முதலில் செய்முறை, முடிந்ததும் அதே மேசைக்குப் பக்கத்தில் கரும்பலகையில் தியரி என்று முடிவானது. இந்த வரிசை வேண்டுமென்றே வைத்தது. கல்லூரியில் ஒரு பியூரெட்டுக்கு, அதாவது கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடும் அளவுக் குழாய்க்கு, இரண்டு மூன்று பேர் நிற்கிறார்கள். ஒருவர் குழாயைத் திருப்புகிறார், மற்றவர்கள் அளவை ரெக்கார்டு நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். வினை முடிந்ததை நிற மாற்றம் காட்டும் முடிவுப் புள்ளியைத் தன் கண்ணால் பார்க்காமலேயே பட்டம் வாங்கிவிட முடிகிறது. இதில் மாணவர் மேல் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆய்வகத்தைத் தந்த கல்லூரி தன் பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. எனவே நன்றி மட்டும் இங்கே பதிவாகிறது.

முதல் வகுப்பு பொட்டாசியம் பெர்மாங்கனேட்டுக்கும் ஆக்ஸாலிக் அமிலத்துக்கும் இடையிலான டைட்ரேஷன், அதாவது ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து மற்றொன்றின் அளவைக் கண்டுபிடிப்பது. எல்லோரும் ஏற்கெனவே செய்ததுதான், அதனால்தான் அதை எடுத்தோம். அமிலம் சேர்த்துச் சூடாக்கிய கரைசலில் முதல் சொட்டு விழுந்ததும் இளஞ்சிவப்பு அப்படியே நிற்கும், சட்டென்று போகாது. அதற்குள் முடிவுப் புள்ளி வந்துவிட்டது என்று நிறுத்தியவர்களும் உண்டு. கொஞ்சம் பொறுத்துக் குடுவையைச் சுழற்றினால் நிறம் மறையும். அடுத்தடுத்த சொட்டுகள் விழுந்த வேகத்திலேயே மறையும். வினையில் உண்டாகும் மாங்கனஸ் அயனியே அந்த வினைக்கு வினைவேக மாற்றியாகிறது. தன்வினைவேக மாற்றம் என்று மூன்று மதிப்பெண்ணுக்கு எழுதியது இதைத்தான் என்று ஒரு மாணவிக்கு அன்றுதான் பிடிபட்டது. “அப்போ இத்தனை நாள் நான் எதைப் படிச்சேன் சார்?” என்று கேட்டார். பியூரெட்டில் அடர் நிறக் கரைசலின் மேற்பரப்பு வளைவின் அடி தெரியாது என்பதால், “மேல் விளிம்பைப் பாரும்மா, மேல் விளிம்பை” என்று நம் லேப் அண்ணன் ஒவ்வொரு மேசையாகச் சொல்லிக்கொண்டே போனார்.

பிறகு கரும்பலகை. கந்தக அமிலம்தான் வேண்டும், ஹைட்ரோகுளோரிக் கூடாது, ஏன்? “புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது” என்று பதில் வந்தது. எந்தப் பொருள் எவ்வளவு வலுவாக ஆக்ஸிஜனேற்றும் என்று காட்டும் திட்ட மின்முனை அழுத்த அட்டவணையை எடுத்துப் பார்க்கச் சொன்னோம். அமிலத்தில் பெர்மாங்கனேட் 1.51 வோல்ட், குளோரின் 1.36 வோல்ட். பெர்மாங்கனேட் குளோரைடையும் சேர்த்து ஆக்ஸிஜனேற்றிவிடும், அளவு கூடிப் போகும். அதே அட்டவணையில் குரோமியம் சேர்ந்த டைகுரோமேட் 1.33. அது குளோரினுக்குச் சற்றுக் கீழே நிற்பதால் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலும் டைட்ரேட் செய்யலாம். மூன்று எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியதும் வகுப்பில் அன்று விளக்கம் அதிகம் தேவைப்படவில்லை. மின்வேதியியல் ஒரு செமஸ்டரில், பருமனறி பகுப்பாய்வு வேறொரு செமஸ்டரில் என்று இருந்தால் இந்த மூன்றையும் யார் சேர்த்து வைப்பது?

தண்ணீர்க் கடினத்தன்மை வகுப்பில் ஒரு சங்கடம் நேர்ந்தது. கடையில் டிஸ்டில்ட் வாட்டர் என்று வாங்கி வந்த கேனில் பிஎச் மாறாமல் வைக்கும் பஃபரும், கடின நீரில் சிவப்பாகும் எரியோகுரோம் பிளாக்-டி நிறங்காட்டியும் போட்டவுடன் ஒயின் சிவப்பு வந்தது. சுத்தமான நீரில் நீலம் அல்லவா வர வேண்டும்! கடைக்காரரிடம் போய்ச் சண்டை போடுவதா என்று யோசித்து, அதையே அன்றைய முதல் மாதிரியாக வைத்துக்கொண்டோம். மாதிரி சேர்க்காமல் செய்து பார்க்கும் ‘பிளாங்க்’ எதற்கு என்று அதன்பிறகு யாரும் கேட்கவில்லை. உறுப்பினர்கள் அவரவர் வீட்டுப் போர் தண்ணீரையும் பாலாற்றங்கரைக் கிணற்றுத் தண்ணீரையும் பாட்டிலில் கொண்டுவந்திருந்தார்கள். 50 மி.லி. மாதிரிக்கு, கடினத்தன்மை தரும் அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏ கரைசல் (0.01 மோலார்) ஒவ்வொரு மி.லி. இறங்குவதும் லிட்டருக்கு 20 மில்லிகிராம் கடினத்தன்மை. ஆக 10 மி.லி. வரை இறங்கினால் இந்தியத் தர நிர்ணயத்தின் ஏற்கத்தக்க வரம்பான 200. வேறு நீர் கிடைக்காத இடத்தில் அனுமதிக்கும் 600 என்பது 30 மி.லி. இப்படிச் சொன்னதும் பியூரெட்டின் கோடுகளை எல்லோரும் வேறு விதமாகப் பார்த்தார்கள். சில பாட்டில்கள் 10-க்கு முன்பே நீலமாகிவிட்டன. சில 30-ஐத் தாண்டியும் சிவப்பாகவே நின்றன. எந்த ஊர் என்று இங்கே சொல்லப் போவதில்லை. கை பழகச் செய்த சோதனை அது, ஆளாளுக்கு ஃபார்வர்டு செய்வதற்கு அல்ல.

இந்த ஆண்டு அதிகப் பேச்சு எழுந்தது டைகுரோமேட் பற்றி. இரும்பை டைட்ரேட் செய்து முடித்ததும் வழக்கம்போல ஒரு மாணவர் மிச்சத்தை ஸிங்க்கில் ஊற்றப் போனார். அவர் ராணிப்பேட்டைப் பக்கத்துக்காரர். 1990-களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுப்போன, லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவுக் குவியல் இருக்கும் ஊர். பக்கத்தில் நின்ற பேராசிரியர் கையைப் பிடித்துக்கொண்டார். “ஊர்ல அதைப் பத்தி அவ்வளவு பேசுற, இது என்னன்னு நினைச்சே?” அன்றைய திட்டத்தை அப்படியே விட்டுவிட்டுக் கழிவையே பாடமாக்கினோம்.

முதல் கேள்வி, குடுவையில் இருப்பதா, பியூரெட்டில் இருப்பதா, எது ஆபத்து? பெரும்பாலோர் குடுவை என்றார்கள். யோசித்துப் பார்த்தால் முடிவுப் புள்ளி வந்த குடுவையில் குரோமியம் முழுவதும் மூன்று இணைதிற நிலைக்கு இறங்கிவிட்டது. பச்சை நிறம் அதனால்தான். ஆறு இணைதிறக் குரோமியம், அதாவது புற்றுநோய் உண்டாக்கக் கூடியது, பியூரெட்டின் மிச்சத்திலும் திட்டக் கரைசல் பாட்டிலிலும்தான் இருக்கிறது. அதை ஒரு முகவையில் சேர்த்து, அமிலம் விட்டு, மோர் உப்பு (Mohr’s salt) என்ற இரும்பு உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டோம். ஆரஞ்சு போனது. பிறகு சோடா சேர்த்து பிஎச் தாளில் எட்டு ஒன்பது காட்டும்வரை கொண்டுவந்ததும், இரும்பும் குரோமியமும் சேர்ந்து சேறு மாதிரி அடியில் இறங்கின. அவசரக்கார மாணவர் ஒருவர் காஸ்டிக் சோடாவைத் தாராளமாக ஊற்ற முயன்றபோது, உப்பில் உள்ள அயனிகளைக் கண்டறியும் சால்ட் அனாலிசிஸில் குரோமியம் வரும் மூன்றாம் தொகுதியை நினைவுபடுத்த வேண்டி வந்தது. குரோமியம் ஹைட்ராக்சைடு ஈரியல்பு உடையது, காரம் மிகுந்தால் மறுபடி கரைந்துவிடும்.

அப்புறம் இன்னொன்று. சால்ட் அனாலிசிஸில் குரோமியத்தை உறுதிசெய்ய, வீழ்படிவைச் சோடியம் கார்பனேட்டும் பொட்டாசியம் நைட்ரேட்டும் சேர்த்து உருக்கி, மஞ்சள் வருகிறதா என்று பார்க்கிறோம். குரோமைட் தாதுவைச் சோடா சாம்பலோடு உலையில் காற்றோட்டத்தில் வறுத்துக் குரோமேட் எடுப்பதும் இதே வேதியியல்தான். மாணவர் கையில் இருந்த சிறு மூசையில் நடந்தது, அந்த ராணிப்பேட்டை ஆலையில் டன் கணக்கில் நடந்தது. அந்த மஞ்சளைப் பார்த்த பிறகு சிறிது நேரம் யாரும் ரெக்கார்டு நோட்டைத் திறக்கவில்லை. நம் மாவட்டத் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு தொடர்பான 1996 உச்ச நீதிமன்றத் தீர்ப்பைச் சட்டம் படிப்பவர்கள் நாடெங்கும் படிக்கிறார்கள். அந்த வழக்கின் பெயரிலேயே வேலூர் இருக்கிறது. இங்கே வேதியியல் படிக்கும் பிள்ளைகளில் அதைக் கேள்விப்பட்டவர் அரிது. அடுத்த ஆண்டாவது ஒரு வகுப்பை அதற்கு ஒதுக்க வேண்டும் என்பது என் சொந்த அபிப்பிராயம், செயற்குழுவின் முடிவல்ல.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்ட் 2 அன்று, 1861-இல் அதே நாளில் பிறந்த வேதியியலாளர் ஆச்சாரியர் பிரபுல்ல சந்திர ராய் பற்றி ஒரு கூட்டம் நடந்தது. எதிர்பாராமல் கண்ட மஞ்சள் படிகங்களை அவர் ஒதுக்கிவிடாமல் ஆராய்ந்து, மெர்குரஸ் நைட்ரைட் என்று கண்டறிந்த கதை நன்றாக எடுபட்டது. கத்திரி வெயிலில் ஈதர் பயன்படும் வகுப்புகளை நிறுத்தி வைத்தோம். 35 டிகிரியில் கொதிக்கும் திரவத்தை மே மாத வேலூரில் பாட்டில் திறப்பது வீண் துணிச்சல். சால்ட் அனாலிசிஸின் இரண்டாம் தொகுதிக்கு ஹைட்ரஜன் சல்பைடு விட்ட அன்று அக்கம்பக்கத்தார் வந்து குறைப்பட்டுக்கொண்டார்கள். அவர்கள் சொன்னது சரிதான், புகைக்கூண்டின் விசிறி வேலை செய்யவில்லை. இப்போது பழுது பார்த்தாயிற்று.

வகுப்புகளுக்கு வந்தவர்களில் பாதியில் நின்றவர்களும் உண்டு. பலர் சனிக்கிழமை வேலைக்குப் போகிறவர்கள். அவர்களுக்காக ஞாயிறு காலை வகுப்பு கேட்டிருக்கிறோம், கல்லூரியின் பதில் வரவில்லை.

அடுத்த ஆண்டுக்குப் பேரவை தீர்மானிக்க வேண்டியவை இரண்டு. குடிநீரில் மொத்தக் குரோமியத்துக்கான வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். அது நம் பியூரெட்டுக்கு எட்டாத அளவு. டைபினைல்கார்பசைடு சேர்த்து வரும் ஊதா நிறத்தை 540 நானோமீட்டரில் அளக்க ஒரு கலரிமீட்டர் வேண்டும். புதிது வாங்கச் சங்கத்தில் பணமில்லை. உறுப்பினர் பணியாற்றும் இடத்தில் பயன்படாமல் கிடந்தால் சொல்லுங்கள். இரண்டாவது, உலர்த்தி மூடி வைத்த குரோமியச் சேறு ஆய்வக அலமாரியில் பெயர் ஒட்டிய பாட்டிலில் இருக்கிறது. அபாயக் கழிவு கையாள உரிமம் பெற்றவர்களிடம் அதை ஒப்படைக்கும் செலவுக்கு அனுமதி தேவை. அதுவரை சாவி என்னிடம் இருக்கிறது.

இவ்வறிக்கையை ஏற்று, இரண்டு தீர்மானங்களையும் விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளுமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்