அண்ணாவியாரை வகுப்பறைக்குள் விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு மாவட்டத்தில் ஒரு கிராமத்துப் பாடசாலையில், க.பொ.த. உயர்தரக் கலைப்பிரிவுக்கு 'நாடகமும் அரங்கியலும்' படிப்பிக்கும் ஆசிரியை நான். இந்தப் பாடத்தைக் குறிப்புக் கொப்பியோடு முடித்துவிடும் வழக்கம் மாற வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

கூத்தின் இரு வகைகளான வடமோடிக்கும் தென்மோடிக்கும் உள்ள வேறுபாட்டை என் பிள்ளைகள் நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். சட்டம் கொடுத்தல், சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம் என்று கூத்துப் பழகும் படிகளின் வரிசையும் பிசகாது. சென்ற தவணையில் அதிபரிடம் கேட்டு கூத்துப் பழக்கும் குருவான எங்கள் ஊர் அண்ணாவியார் ஒருவரைக் கூட்டி வந்தேன். அவர் மத்தளத்தைத் தட்டினார். ஒரு பிள்ளைக்கும் கால் எழவில்லை. அவர் கோபிக்கவில்லை. மத்தளத்தை ஓரமாக வைத்துவிட்டு, ஆட்டத்துக்குரிய தாளச் சொற்களான சொற்கட்டை வாயால் மெல்லச் சொல்லி, ஆட வேண்டாம், வட்டமாக நடந்தால் போதும் என்றார். 'ததிங்கிணதோம்' என்று முடிகிற இடத்தில் எல்லாரும் திரும்ப வேண்டும். பாதிப் பேர் திரும்பினார்கள், மற்றவர்கள் வந்து அவர்கள்மேல் மோதினார்கள். பாடவேளை முடிவதற்குள் மத்தளத்துக்கே திரும்பப் பழகிவிட்டார்கள்.

அடுத்த கிழமை, கூத்து ஆடும் வட்டமான அரங்காகிய வட்டக்களரி பற்றி விடை எழுதக் கொடுத்தேன். சனம் சுற்றிவர இருப்பதால் ஆடுபவர் ஒரு பக்கத்துக்கே முகம் கொடுத்து நிற்க முடியாது, அந்தத் திரும்பல்தான் அவரை எல்லாப் பக்கமும் கொண்டுபோகிறது என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். நான் கொடுத்த குறிப்பில் அந்த வரி இல்லை. அவளாகக் கண்டுபிடித்தது.

சரி, அவரைத் தொடர்ந்து அழைக்கலாம் என்று விசாரித்தேன். வெளியிலிருந்து வந்து படிப்பிப்பவருக்கு வளவாளர் கொடுப்பனவு வழங்குவதென்றால் பட்டமோ டிப்ளோமாவோ வேண்டும் என்று பதில் வந்தது. சிறு வயதிலிருந்து களரியில் நிற்கும் மனிதரிடம் நான் எந்தச் சான்றிதழைக் கேட்பது?

நாங்கள் படிப்பிக்கும் நாடக வரலாறே இதற்கு எதிராக அல்லவா இருக்கிறது! 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலான கூத்துகளை மேடையேற்றியபோது, மட்டக்களப்பிலிருந்து அண்ணாவியாரை வரவழைத்துத்தான் மாணவர்களைப் பழக்கினார். அதற்கு முன் 1956இல் பேராசிரியர் சரச்சந்திர 'மனமே' என்ற சிங்கள நாடகத்தைச் செய்தபோதும் 'நாடகம' என்ற பழைய சிங்களக் கூத்து மரபில் வந்த ஒரு குருநான்சேயின் (குருவின்) துணையோடுதான் செய்தார். பல்கலைக்கழகமே அவர்களை அழைத்த கதையைப் பிள்ளைகள் பரீட்சைக்குப் பாடமாக்குகிறார்கள். பாடசாலைக்கு அடுத்த ஒழுங்கையில் இருப்பவரை அழைப்பதற்கு மட்டும் வழியில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சாதாரண தரத்தில் பெறுபேறு குறைந்தவர்களை 'லேசான பாடம்' என்று சொல்லி இதற்கு அனுப்புகிறார்கள். கிரேக்க நாடகம் முதல் நவீன நாடகம் வரை படித்து, கூத்தின் தாளக்கட்டையும் உடம்பில் ஏற்ற வேண்டிய பாடம் இது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும், இங்கே சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் இதைப் பட்டத்துக்கே படிக்கலாம். விருப்பத்தோடு கேட்டு வரும் பிள்ளையை வீட்டார் மறிப்பது இன்னும் வேதனை.

வலயக் கல்விப் பணிமனைகளிடம் நான் கேட்பது பெரிய நிதி அல்ல. அண்ணாவியார்களையும் மத்தளக்காரரையும் அவர்களுடைய கூத்து அனுபவத்தை மட்டுமே தகுதியாகக் கொண்டு வளவாளராக ஏற்றுக்கொள்ளுங்கள். நேரசூசியில் இந்தப் பாடத்துக்குக் கிழமையில் ஒரு நாளாவது இரண்டு பாடவேளைகளைச் சேர்த்துத் தாருங்கள். நாற்பது நிமிடத்தில் மேசை கதிரையை ஒதுக்கி முடிக்கவே மணி அடித்துவிடுகிறது. எங்கள் ஊர் அண்ணாவியாருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. வருகிற தவணைக்குள் இதற்கு ஒரு சுற்றறிக்கை வர வேண்டும்.

இப்படிக்கு,
நாடகமும் அரங்கியலும் பாட ஆசிரியை,
மட்டக்களப்பு