முள் தாள் தாமரை

ஐயா,

ஞாயிறு மலரில் வந்த தாமரைக் கட்டுரை நன்றாக இருந்தது. கமலம், பங்கயம், அரவிந்தம் எல்லாம் வந்தன; முளரி மட்டும் விட்டுப்போயிற்று. அது எனக்குப் பிடித்த பெயர், அதனால்தான் இந்தக் கடிதம்.

கோத்தகிரியில் இருக்கிறேன். இந்தக் குளிரில் தாமரைக் குளம் எதுவும் நான் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமை பூஜைக்கு வேண்டுமென்றால் மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் ஏறி வரும் மொட்டுகள்தான். போன வாரம் ஈரச் சாக்கைப் பிரித்து ஒன்றை எடுத்தேன். தண்டு விரலைக் கீறிவிட்டது. "ரோஜாவுக்குத்தானே பாட்டி முள்?" என்றாள் பேத்தி. தண்டைத் தடவிப் பார்க்கச் சொன்னேன். பூனை நாக்கு மாதிரி சொரசொரப்பு, நடுநடுவே குட்டி முட்கள். முளரி என்ற பெயரே அந்த முள்ளை ஒட்டியது என்பார்கள்.

கபிலர் இதைக் கவனித்திருக்கிறார். குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் பறித்துப் பாறையில் குவிக்கும் 99 பூக்களில் 'முள் தாள் தாமரை' என்று முள்ளோடுதான் சொல்கிறார்; தாள் என்றால் தண்டு. மருத நிலத்துப் பூ மலைப் பாட்டில் எப்படி வந்தது? சுனையில் பூத்திருக்கலாம், அல்லது பட்டியலில் எல்லாப் பூவும் இருக்கட்டும் என்று நினைத்திருக்கலாம். அப்புறம் வந்த கவிஞர்கள் முகம், கண், கை, பாதம் என்று தாமரையைப் பூவாகவே பார்த்துத் தீர்த்துவிட்டார்கள். கம்பனில் காடு போகச் சொன்னதைக் கேட்ட இராமன் முகம், அப்போது மலர்ந்த செந்தாமரையையே வென்றது. அழகுதான். ஆனால் என் விரல் கபிலர் கட்சி.

இப்படிக்கு,
ஒரு வாசகி, கோத்தகிரி